பழைய றொபின் ஈவை-20 மண்ணெண்ணெய் எஞ்சின்: சூடு பார்த்து வாங்குவதும் ஓட்டுவதும்

களுதாவளை, களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மணல் தோட்டங்களில் கிணற்றோரம், படுவான்கரையில் வாய்க்கால் கரை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் வரம்புத் தலை என்று றொபின் எஞ்சின் இன்றும் இறைத்துக்கொண்டுதான் இருக்கிறது. புதிது இனி வராது. அதைச் செய்த புஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 2017 ஏப்ரலில் சுபாரு என்று பெயர் மாறி, அதே ஆண்டு செப்டெம்பரோடு சிறு எஞ்சின் உற்பத்தியை விட்டுவிட்டது. ஆகையால் கைக்கு வருவதெல்லாம் பழையது, குறைந்தது ஒரு தடவையாவது பிரித்துப் பூட்டியது. இங்கே மதிப்பிடுவது 2 அங்குலப் பம்பியோடு சேர்த்துப் பூட்டிய, மண்ணெண்ணெயில் ஓடும் ஈவை-20 (EY20) வகையை.

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். இது நல்ல எஞ்சின், இன்றும் வாங்கத் தகுந்தது. பழுதாகி கராஜுக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து வருவதில்லை, வெந்து வருகின்றன. தேய்ந்ததற்குச் சிலிண்டர் துளையைக் கடைந்து (போர் அடித்து) அடுத்த அளவுப் பிஸ்டன் போடலாம். வெந்ததற்கு ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி), வால்வு, சீற்று (வால்வு அமரும் வளையம்), கொயில் (பொறிக்கு மின் கொடுக்கும் சுருள்) என்று ஒவ்வொன்றாகச் செலவு வரும். ஆகவே இந்த எஞ்சினை மதிப்பிடுவதென்றால் அதன் சூட்டு வழியை மதிப்பிடுவதுதான்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஒரு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், காற்றால் குளிர்வது. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 67 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 52, கொள்ளளவு 183 சீசீ. பெற்றோல் வகையின் உச்ச வலு நிமிடத்துக்கு 4000 சுற்றில் 5 குதிரைவலு, தொடர்ந்து ஓட்ட 3600 சுற்றில் 3.5. மண்ணெண்ணெய் வகைக்கு இதைவிடக் குறைவு. அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு லைனர். வால்வுகள் ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. இந்தக் கடைசி விபரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த எஞ்சினின் வம்சம் விமானத்தில் தொடங்குகிறது. புஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் 1953இல் உருவானது போருக்கு முந்திய நகாஜிமா விமானக் கம்பெனியின் துண்டுகள் ஒன்றுசேர்ந்துதான். நகாஜிமாவின் சகாயே எஞ்சின்தான் ஜப்பானின் சீரோ போர்விமானத்தைத் தூக்கியது. 1942 ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைக்கு மேலே வந்த சீரோக்களில் இருந்ததும் அதுவே. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கியான ஹேர்மிஸ் கப்பலைத் தாழ்த்திய குண்டுவீச்சு விமானங்களில் இருந்தது மிற்சுபிஷியின் கின்செய் எஞ்சின், ஆனால் அதுவும் காற்றால் குளிரும் 14 சிலிண்டர் வகைதான். சகாயே 27.9 லீற்றரில் ஏறத்தாழ 940 குதிரைவலு கொடுத்தது. லீற்றருக்கு 34 அளவில் வருகிறது. பெற்றோல் ஈவை-20 லீற்றருக்கு 27 கொடுக்கிறது. தோட்டத்து எஞ்சின்தானே என்று யாரும் எண்ணவேண்டாம். கணக்குப் பார்த்தால் அதன் ஒவ்வொரு சீசீயும் சுமக்கிற வேலை ஒரு போர்விமானத்தினுடையதற்கு மிகவும் குறைந்ததல்ல. வித்தியாசம் என்னவென்றால், விமானத்துக்கு முன்னால் மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்து மோதுகிறது, விமானி முன்னால் சூட்டுமானி இருக்கிறது. ஈவை-20க்கு ஃபிளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரத்தில்) வார்த்த சிறு விசிறி மட்டும்தான். சூட்டுமானி கிடையாது.

அந்த விசிறி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுது குறையும். ஸ்டார்ட்டர் கம்பிவலை வழியே காற்றை இழுக்கிறது, தகட்டுக் கவர் அந்தக் காற்றை வளைத்து ஹெட்டின் தகட்டு இதழ்களுக்கு மேலாகவும் சிலிண்டர் இதழ்களுக்கு இடையாலும் தள்ளுகிறது. காற்று எப்போதும் லேசான வழியைத்தான் தேடும். கவரின் ஒரு போல்ட் கழன்று விரல் நுழையும் இடைவெளி இருந்தால், காற்று இதழுக்குள் போகாமல் அந்த இடைவெளியாலேயே வெளியேறிவிடும். இன்றும் பறக்கிற பழைய லைக்கொமிங், கொன்ரினென்ரல் விமான எஞ்சின்களில் இதே பிரச்சினை உண்டு. சிலிண்டரைச் சுற்றிய தடுப்புத் தகட்டுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள ரப்பர் கிழிந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் சூடேறும், விமான மெக்கானிக் முதலில் பார்ப்பதே அந்த ரப்பரைத்தான். நமது பக்கத்தில் நேர்மாறாக நடக்கிறது. "கவரைக் கழற்றினால் நல்லாக் காத்துப்படும்" என்று சொல்லிக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழற்றிய எஞ்சினில் விசிறிக் காற்று நாலாபக்கமும் சிதறும், ஹெட்டுக்கு எதுவும் போகாது. கவர் இல்லாத ஈவை-20ஐ எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம். அப்படி எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கும் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

கவர் இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். அம்பாறைப் பக்கத்தில் சூடடிக்கும் காலத்து வைக்கோல் தூசும் பதரும், மட்டக்களப்புக் கரையோரம் மணலும் உப்பும். ஒயில் கசிவு சேர்ந்தால் இந்தத் தூசு இதழ்களுக்கிடையில் களிமண்போல இறுகும். இறைப்பு இல்லாத மாரி மாதங்களில் குளவி உள்ளே மண்கூடு கட்டும், எலி பஞ்சு கொண்டுபோய் வைக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. போகத் தொடக்கத்தில் ஒருமுறை, பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வைக்கோல் தூசுக்குள் ஓடினால் 50க்கு ஒருமுறை, ஸ்டார்ட்டரையும் கவரையும் முழுதாகக் கழற்ற வேண்டும். மூங்கில் சீவல் ஒன்றால் ஒவ்வோர் இடைவெளியையும் கிளறி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து விட்டால் போதும். இரும்புக் கம்பி வேண்டாம், இதழ் முறியும். வெள்ளைத் தூளாக உப்பு பூத்திருந்தால் பித்தளைப் பிரஷ்ஷால் எடுக்கவும். மேலே தடிப்பாக அலுமினியப் பெயின்ற் அடித்து அழகு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது இதழுக்குப் போர்வை போர்த்துவது போல. விசிறி இதழில் ஒன்று உடைந்திருந்தாலும் ஃபிளைவீலை மாற்ற வேண்டும். காற்றுக் குறைவதோடு ஆட்டமும் கூடி பெயாரிங்கைத் தின்னும்.

சூட்டை அளப்பது கடினமில்லை. பிளக்கின் அடியில் போடும் 14 மில்லிமீற்றர் வளைய உணரியும் சிறு மானியும் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பிளக்கின் சொந்த வாசரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த வளையத்தைப் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் பிளக் உள்ளே எட்டாது. துப்பாக்கி வடிவக் கதிர் வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: மினுங்கும் அலுமினியத்தில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெப்பம் தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ற் தொட்டுவிட்டு அந்தப் பொட்டையே எப்போதும் குறிபார்த்தால் எண் நம்பக்கூடியதாக இருக்கும்.

எந்த எண் சரி? லைக்கொமிங் விமான எஞ்சின்களுக்கு ஹெட்டின் உச்ச எல்லை 260 பாகை செல்சியஸ், ஆனால் நீண்ட ஆயுளுக்கு வேகப் பயணத்தில் 224க்குக் கீழும் சிக்கனப் பயணத்தில் 205க்குக் கீழும் வைத்திருக்கும்படி அந்தக் கம்பெனியே சொல்கிறது. எல்லைக்கும் ஆயுளுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பதற்குக் காரணம் அலுமினியம். 200 தாண்டினால் அதன் பலம் வேகமாக இறங்கும், போல்ட் பிடித்த இடம் நசியும், ஹெட்டுக்கடி அடைப்பான காஸ்கெட் ஊதும். ஈவை-20க்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தவேண்டாம். சுத்தம் செய்த எஞ்சினை வழக்கமான சுமையில் 20 நிமிடம் ஓட்டி, வரும் எண்ணைக் கவரின் உட்புறம் எழுதி வைக்கவும். அதுதான் உங்கள் எஞ்சினின் அளவுகோல். அன்றைய காற்றுச் சூட்டையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் காலை 26 பாகையில் எடுத்த அளவு நண்பகல் 34 பாகையில் ஏறத்தாழ அதே 8 பாகை கூடிக் காட்டும். இந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும் 20, 25 பாகை கூடிவிட்டால் ஏதோ அடைத்திருக்கிறது, அல்லது எரிபொருள் கலவை மெலிந்திருக்கிறது.

வைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று எழும்பும்போது மேற்கிலிருந்து காய்ந்த சூட்டுக் காற்று வரும். ஸ்டார்ட்டர் பக்கம் காற்று வரும் திசையையும் சைலன்சர் வாய் காற்றுப் போகும் திசையையும் பார்க்கும்படி வைத்தால், எஞ்சின் தான் விட்ட சூட்டைத் தானே குடிக்காது. வாடைக்காற்றுக் காலத்தில் திருப்பி வைக்க வேண்டும். வெயிலுக்கென்று தகரப்பெட்டி செய்து மூடுவது பெரும் பிழை. நிழல் நல்லது, ஆனால் நாலு கம்பும் மேலே கிடுகும் போதும். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். கிணற்றுக்குள் படி வெட்டி இறக்கி வைப்பவர்கள் காற்றுக்கு வழி இல்லாத குழிக்குள் எஞ்சினை வைக்கிறார்கள். அங்கே புகையும் தங்கும், ஆளுக்கே ஆபத்து.

இனி மண்ணெண்ணெய். ஈவை-20இன் பெரிய பலமும் பெரிய தொல்லையும் இதுவே. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மண்ணெண்ணெய் விட்டால் அது துளியாகவே உள்ளே போய், எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி, பிஸ்டன் றிங் வழியே ஒயிலில் இறங்கும். எஞ்சின் மிஞ்சிச் சூடானால் இன்னொரு பக்கத் தொல்லை: மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் குறைவு, அது பொறி மூட்டிய சுவாலை வந்து சேருமுன்னரே தானாக வெடித்து "டிக் டிக்" என்று ஹெட்டில் தட்டும். அதனால்தான் மண்ணெண்ணெய் வகைக்கு அமுக்க விகிதம் குறைத்து வைத்திருக்கிறார்கள். பெற்றோல் வகை ஹெட்டை இதில் மாட்டி "வலு கூடும்" என்று விற்பதை நம்பவேண்டாம். பெற்றோல் எஞ்சினையும் மண்ணெண்ணெய் எஞ்சினையும் கலந்து பூட்டியது கையில் அகப்பட்டால் சுமை ஏறியதும் தட்டத் தொடங்கும்.

ஓட்டும் முறை இப்படி. பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சொக்கை (காற்றைத் தடுக்கும் மூடியை) ஒரு நிமிடத்துக்குள் முழுதாகத் திறக்கவும். அரைத் துரொட்டிலில் 3 முதல் 5 நிமிடம் தண்ணீர் இறைத்தபடியே சூடேற விடவும். சுமையில்லாமல் உறுமவிட்டால் சூடு சரியாக ஏறாது. சைலன்சர் பக்கம் கை நெருங்க முடியாதபடி ஆனபிறகு குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்பவும். திருப்பியதும் வெள்ளைப்புகையும் கண் எரியும் மணமும் வந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள், மீண்டும் பெற்றோலுக்கு. நிறுத்துவதற்கு 2, 3 நிமிடம் முன்னர் பெற்றோலுக்கு மாற்றி, காபரேட்டர் கிண்ணத்து மண்ணெண்ணெய் எரிந்து தீர விடவேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை கயிறு இழுத்துத் தோள் நோகும், பிளக்கும் நனையும்.

ஒயில் குச்சியில் மட்டம் கூடினால் சிலர் "ஒயில் குறையவே இல்லை" என்று மகிழ்கிறார்கள். அது மண்ணெண்ணெய் கலந்து கூடிய மட்டம். விரலில் தொட்டு மணந்தால் தெரியும். மெலிந்த ஒயில் பிஸ்டன் தண்டின் அடியிலுள்ள பெரிய எண்ட் பெயாரிங்கைக் காப்பாற்றாது, பிஸ்டனின் சூட்டையும் வாங்கிச் செல்லாது. மண்ணெண்ணெய் ஓட்டத்துக்கு 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவதே சரி. ரீபோர் செய்து புது றிங் போட்டதானால் முதல் மாற்றம் 20 மணித்தியாலத்தில். அளவு 0.6 லீற்றர் சொச்சம், எஞ்சினை மட்டமாக வைத்து நிரப்பும் துளையின் விளிம்பு வரை. எஸ்ஏஈ 30 நமது சூட்டுக்குப் பொருந்தும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்கவும்.

பம்பிச் சுமையைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஆழக் கிணறு என்றால் எஞ்சினுக்குக் கஷ்டம், வாய்க்காலிலிருந்து பக்கத்து வயலுக்கு என்றால் சுகம் என்று நினைக்கிறார்கள். சுழலும் பம்பியில் இது மறுதலை. தண்ணீர் தாராளமாகப் போகப் போகப் பம்பி அதிக வலு கேட்கும். குட்டை ஹோஸ், உயரமில்லாத வரம்பு, முழுத் துரொட்டில் என்ற சம்மாந்துறை வாய்க்கால் நிலையில்தான் எஞ்சின் உச்சச் சுமையில் நிற்கிறது. மருந்து எளிது: சுற்றைக் குறைப்பது. 3600லிருந்து 3000க்கு இறக்கினால் தண்ணீர் ஆறில் ஒரு பங்குதான் குறையும், எஞ்சின் சுமக்கும் வலுவோ 42 சதவீதம் குறையும். வலு சுற்றின் மும்மடிப் பெருக்கத்தில் போவதால் இப்படி. 5 மணித்தியாலம் இறைத்த வயலுக்கு 6 மணித்தியாலம் ஆகும், ஆனால் எரிபொருள் மிஞ்சும், ஹெட் வேகாது. பழைய விமான எஞ்சின்கள் பலவற்றில் முழு வலு ஏறுகைக்கு 5 நிமிடம் மட்டுமே அனுமதி, பிறகு விமானி இறக்கியே ஆகவேண்டும். நாள் முழுதும் முழுத் துரொட்டிலில் கட்டிவைத்து ஓட்டுவதை எந்த எஞ்சினும் பொறுக்காது. சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கைச் சுருக்கியோ கம்பியால் இறுக்கியோ 4000க்கு மேல் ஓடவிட்டிருக்கும் எஞ்சினைக் கண்டால் விலகுங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு முறை உண்டு. எயார் சிலோன் 1947இல் தொடங்கியபோது பறந்த டி.சி.-3 டக்கோட்டாவில் எஞ்சின் மூடியைச் சுற்றித் திறந்து மூடும் தகட்டுக் கதவுகள் இருந்தன. தரையில் திறந்து, இறங்கும்போது மூடி, வலுவையும் படிப்படியாகக் குறைப்பார்கள், ஹெட் ஒரேயடியாகக் குளிரக்கூடாதென்று. இங்கே குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குளிரவைக்கிறார்கள். சூடான ஹெட்டின் வெளித்தோல் சுருங்கும், உள் சூடு சுருங்காது, அந்த இழுபறியில் ஹெட் வளையும், பிளக் துளையோரம் கீறல் விழும். சுமையை எடுத்து 3 நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவதே போதும், அந்த 3 நிமிடம்தான் பெற்றோலுக்கு மாற்றும் நேரமும். சட்டென்று நிறுத்தினால் விசிறி நிற்கும், ஹெட்டிலுள்ள சூடு ஃபிளைவீலடிக் கொயிலுக்கு ஏறும். "சூடானால் ஸ்டார்ட் ஆகாது, ஆறினால் ஆகும்" என்ற எஞ்சின்களில் பாதி இப்படிக் கெட்ட கொயில்கள்.

மறுபாதி வால்வு. வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்பதால் எக்ஸோஸ்ற் பக்கத்துச் சுவர் மற்றப் பக்கத்தைவிட எப்போதும் சூடு, போரும் அந்தப் பக்கமே கோணலாகத் தேயும். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.1 மில்லிமீற்றர். வால்வு சீற்றில் அமர அமர இது குறையும். சூட்டில் தண்டு நீண்டு இடைவெளி பூச்சியமானால் வால்வு முழுதாக அமராது. வால்வின் சூடு இறங்கும் வழியே அந்த சீற்றுத்தான், அமராவிட்டால் விளிம்பு எரிந்து பிளந்துபோகும். இதில் திருகிச் சரிசெய்யும் நட் கிடையாது, வால்வைக் கழற்றித் தண்டு நுனியைத் துளித்துளியாக அரைக்க வேண்டும். ஒரு தடவை கூட அரைத்துவிட்டால் திரும்ப வராது, ஆகவே பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து அரைக்கும் மெக்கானிக்கிடமே கொடுங்கள்.

500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரி எடுக்கவும். கரி தங்கினால் அமுக்கம் கூடும், கரித்துண்டு தணலாக நின்று தானே பற்றவைக்கும், மண்ணெண்ணெய் எஞ்சினில் இது இரட்டிப்பு. ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து ஓரங்களில் 0.1 பீலர் நுழைகிறதா பார்க்க வேண்டும். நுழைந்தால் கண்ணாடிமேல் 400 நம்பர் எமரித் தாளை ஒட்டி எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்கலாம். புதுக் காஸ்கெட், போல்டுகளைக் குறுக்கு மறுக்காக மூன்று தவணையில் இறுக்கம், ஒரு மணித்தியாலம் ஓட்டி ஆறியபின் மறு இறுக்கம். ரீபோர் செய்பவரிடம் பிஸ்டன் இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள். 67 மில்லிமீற்றர் அலுமினியப் பிஸ்டன் 100 பாகை ஏறினால் 0.15 மில்லிமீற்றர் பெருக்கும், வார்ப்பிரும்பு லைனர் அதே சூட்டில் பாதிதான் பெருக்கும். "இறுக்கமா வச்சிருக்கு, நல்லா உழைக்கும்" என்று இடைவெளி குறைத்துச் செய்த வேலை முதல் வெயிலிலேயே பிடிக்கும்.

பிளக் என்ஜிகே பி6எச்எஸ், இடைவெளி 0.6 முதல் 0.7. கிடைத்ததைப் போடாதீர்கள். இந்தக் கம்பெனியின் பிளக்கில் எண் குறைந்தால் சூடு தங்கும், கூடினால் குளிர்ந்து கரி பிடிக்கும். காபரேட்டருக்கும் உடலுக்கும் இடையிலுள்ள காஸ்கெட் வெடித்தால் காற்றுக் களவாகப் புகுந்து கலவை மெலியும், சூடேறும். ஓடும்போது அந்த இணைப்பில் சிறிது ஒயில் தொட்டுப் பார்த்தால் ஓட்டம் மாறுவதில் தெரிந்துவிடும்.

வாங்கப் போகும்போது குளிர்ந்த எஞ்சினையே கேளுங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வாருங்கள். கவரைக் கழற்றச் சொல்லி இதழையும் விசிறியையும் பார்க்கவும். கயிற்றை மெதுவாக இழுத்து அமுக்கம் கைக்குத் தெரிகிறதா கவனிக்கவும். பிறகு தண்ணீரோடு 30 நிமிடம் மண்ணெண்ணெயில் ஓட்டி, நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யவும். சூட்டில் இழுவை பஞ்சாகிவிட்டால் வால்வு, இழுவை இருந்தும் பொறி இல்லாவிட்டால் கொயில். இரண்டும் சரியாக இருந்தால் பம்பிச் சீலில் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விலை பேசலாம். அரை ஏக்கர் மிளகாய், வெங்காயம், கச்சான் தோட்டத்துக்கு இது தாராளம். இரண்டு ஏக்கர் வயலுக்குத் தினமும் இறைக்கத் தேடுபவர்கள் இதை விட்டு 3 அங்குலப் பம்பியோடு வரும் பெரிய எஞ்சினைப் பார்க்கவும். றிங், காஸ்கெட், காபரேட்டர் கிற் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் ஒரே பெயரில் வரும் போலிப் பாகங்களும் கலந்திருப்பதால், பழைய றிங்கைக் கையோடு கொண்டுபோய் அகலத்தையும் தடிப்பையும் வேர்னியரில் ஒப்பிட்டு வாங்கவும்.